உஷார்! மண்வள அட்டையில் இல்லாத விஷம்

கொற்கை, உமரிக்காடு, முக்காணி, ஏரல், ஆத்தூர் பக்கம் வாழை, வெற்றிலை, நெல் போட்டிருக்கிற ஒவ்வொருவரும் உடனே ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ செருகி வைத்திருக்கிற மண்வள அட்டையை வெளியே எடுங்கள். வரி வரியாகப் படியுங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். அப்புறம் கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம். மொத்தம் 12. 2015-ல் மத்திய அரசு இந்த அட்டைத் திட்டத்தைத் தொடங்கியபோது வகுத்த கணக்கு அது.

ஈயம் எங்கே? காட்மியம் எங்கே? ஆர்செனிக், பாதரசம், குரோமியம், நிக்கல்? ஒன்றுகூட இல்லை. பயிருக்கு என்ன சத்து குறைகிறது என்று சொல்லத்தான் அந்த அட்டை. மண்ணில் என்ன விஷம் ஏறியிருக்கிறது என்று அது சொல்லாது. தாமிரம் என்று ஒரு வரி இருக்கிறதே என்றால், அதுவும் பற்றாக்குறை பார்ப்பதற்கான வரிதான்.

இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், வைகாசிக் கடைசியில் நான் கண்ணால் பார்த்த ஒரு குவியல். கொற்கைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். வாய்க்கால் ஓரமாக ஏழெட்டு லோடு கரம்பை மண் குவிந்து கிடந்தது. வேறு ஊர்க் குளத்தில் அள்ளியது.

“கரம்பை நல்லா இருக்குல்லா அண்ணாச்சி? லோடுக்கு வண்டி வாடகை மட்டுந்தான், மண்ணு சும்மா” என்றான்.

மண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு, கையில் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி. ஆனால் குவியலின் அடிப்பக்கத்தில் ட்யூப்லைட் சில்லு மின்னியது. பக்கத்திலேயே கறுப்பு பிளாஸ்டிக் ஓடு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பினேன். பழைய பேட்டரி. பாதி உடைந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் தகடுகள், தொட்டாலே பொடியாக உதிர்கிற நிலையில். அந்தப் பொடி ஈயம். அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மண் வெளுத்துப் போயிருந்தது.

“அது கெடக்கட்டும் அண்ணாச்சி, பொறுக்கிப் போட்டிருவோம். மண்ணு டெஸ்ட்லாம் பண்ணியாச்சு, கார்டே இருக்கு. எல்லாம் நார்மல்னுட்டாவ.”

இந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் கெட்டிக்கார விவசாயி. சொட்டுநீர் போட்டவன், உரக்கணக்கு எழுதி வைக்கிறவன். அவனே அந்த அட்டையை நம்பி, ஈயப் பொடி கலந்த மண்ணை வாழைக்கு அடியில் பரப்பத் தயாராக இருந்தான். ஓட்டைப் பொறுக்கிப் போட்டுவிடலாம், சரி. உதிர்ந்து கரம்பையோடு கலந்துவிட்ட பொடியை எந்தச் சல்லடையால் பொறுக்குவது?

கன உலோகம் பூச்சிமருந்து மாதிரி இல்லை என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பூச்சிமருந்து வெயிலில், மழையில், நுண்ணுயிரின் வாயில் சிதைந்து போகும். மாதமோ வருஷமோ ஆனாலும் ஒருநாள் தீரும். ஈயமும் காட்மியமும் தனிமங்கள். அவை சிதைய வழியே இல்லை. மக்காது, எரிந்தாலும் அழியாது. எருவடித்தால் கொஞ்சம் கட்டிப்போடலாம், அவ்வளவுதான். மனித உடம்புக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி, அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் பிடிக்கும். மண்ணிலோ கணக்கே வேறு. கொற்கை மண் எதையும் விட்டுக்கொடுக்காது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று வந்தது. பாண்டியர் துறைமுகம் இருந்த இடத்திலிருந்து கடலே ஆறேழு கிலோமீட்டர் ஒதுங்கிப் போய்விட்டது. சங்கும் சிப்பியும் மட்டும் வயலுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. தாமிரபரணியில் இன்னும் மேலே, ஆதிச்சநல்லூரில் வெண்கலமும் இரும்பும் தாழிக்குள் பத்திரமாக இருந்தன. அந்த மண்ணில் இன்று நாம் கொட்டுகிற ஈயமும் அப்படியேதான் இருக்கும்.

சரி, கொற்கைக்கு விஷம் எங்கிருந்து வரும்? தூத்துக்குடி சிப்காட் வடக்கே இருக்கிறது, நாம் ஆற்றுப் பாசனம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதனால் வடக்கே நடந்ததை முதலில் பார்ப்போம்.

அங்கே மீளவிட்டானில் 1990-களின் பிற்பாதியில் ஓடத்தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை, உச்சத்தில் வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. தாமிரத் தாதுவோடு ஆர்செனிக்கும் ஈயமும் காட்மியமும் கூடவே வரும். உருக்கும்போது அவை புகையிலும் கழிவிலும் கசடிலும் பிரியும். இது எந்த நாட்டுத் தாமிர ஆலைக்கும் பொதுவான வேதியியல். 2013 ஏப்ரல் 2-ல் உச்ச நீதிமன்றம் ஆலை ஓட அனுமதித்தது. அதே தீர்ப்பில், சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதற்காகவும் உரிய இசைவு இல்லாமல் நெடுநாள் ஓட்டியதற்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. 2018 ஏப்ரல் 9-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்கு வாரியம் சொன்ன காரணங்களை ஒவ்வொரு விவசாயியும் படிக்க வேண்டும். நிலத்தடி நீர் ஆய்வு அறிக்கைகளைத் தரவில்லை. உப்பாற்று ஓடைக்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை. காற்றில் ஆர்செனிக் உள்ளிட்ட கன உலோகங்களை அளந்து பார்க்கவில்லை. அபாயகரமான கழிவைக் கையாள உரிய அனுமதி இல்லை. ஜிப்சம் குளத்தை விதிப்படி கட்டவில்லை. அடுத்த மாதம், மே 22-லும் மறுநாளும், ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 28-ல் ஆலையை மூட அரசாணை வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் ஆலையை நடத்திய வேதாந்தா நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் கடைசிவரை குற்றச்சாட்டுகளை மறுத்தது. தாமிரக் கசடு அபாயகரமானது அல்ல என்றே வாதிட்டது.

அரசியல் விவாதத்தை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு நெஞ்சில் தைப்பது இரண்டு வரிகள்தான்: கசடை அகற்றவில்லை, ஆர்செனிக்கை அளக்கவில்லை. இருபது வருஷம் போல ஓடிய ஆலையில், காற்றில் எவ்வளவு ஆர்செனிக் என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்று வாரியமே எழுதுகிறது. அளக்காத இடத்தில் ஆபத்து இருக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது கொற்கைக்கு வருகிறேன். உப்பாற்று ஓடைத் தண்ணீர் கொற்கைக் குளத்துக்கு வராது. உண்மை. கொற்கைக்குத் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து, ஆற்றின் கடைசி அணையிலிருந்து வருகிறது. அதில் நிம்மதிப்பட ஒன்றும் இல்லை. கடைசி அணை என்றால், அதற்கு மேலே இருக்கிற அத்தனை ஊரும் கழுவி விட்டதெல்லாம் வந்து சேரும் இடம். பாபநாசத்தில் பளிங்கு மாதிரி இறங்குகிற தாமிரபரணி, நெல்லை மாநகரத்தைத் தாண்டும்போது சாக்கடையையும் சேர்த்துக்கொண்டுதான் கீழே வருகிறது. வீட்டுச் சாக்கடையோடு ஒர்க்ஷாப்பு, முலாம் பூசும் பட்டறை, பேட்டரிக் கடை, பெயின்ட் கடைத் தண்ணீரும் கலக்கிறது. கன உலோகம் தண்ணீரில் கரைந்து நெடுந்தூரம் போவதைவிட, நுண்ணிய களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு போவதுதான் அதிகம். ஓட்டம் தணிகிற இடத்தில் அந்தத் துகள் படியும். ஓட்டம் தணிகிற இடம் எது? நம் குளம். படிவதற்கு என்ன பெயர்? கரம்பை.

நம் பாட்டன் காலத்தில் கரம்பை அடிப்பதைவிட நல்ல உரம் கிடையாது. அது அந்தக் காலத்து ஆறு. குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசும் அனுமதி தருகிறது. நல்ல திட்டம்தான், குளமும் ஆழமாகும். ஆனால் சாக்கடை விழுகிற குளத்து வண்டலும், குப்பைமேட்டை ஒட்டிய குளத்து வண்டலும், மலையடிவாரக் குளத்து வண்டலும் ஒன்றா? அனுமதிச்சீட்டில் எத்தனை கன மீட்டர் என்று இருக்கும். அதில் எவ்வளவு ஈயம் என்று இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் மூழ்கியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, வாழைத்தோட்டங்களில் ஆள் உயரத் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்ததும் வயலில் மணலும் சேறும் படிந்து கிடந்தன. கடை, பட்டறை, கோடவுன், குப்பைமேடு எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வந்த தண்ணீர் அது. பயிர் இழப்பைக் கணக்கெடுத்தார்கள், நிவாரணம் பேசினோம். படிந்த சேற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நம்மில் எத்தனை பேருக்கு வந்தது?

ஆற்றைவிட நான் பயப்படுவது லாரிக்கு. ஆலைக் கசடோ, அனல் மின் நிலையச் சாம்பலோ, குப்பைக் கிடங்கு மண்ணோ, எதுவும் ஓடை வழியாகத்தான் வர வேண்டும் என்று இல்லை. “சும்மா தாரோம், பள்ளத்தை நிரப்பிக்கோங்க” என்று ஒரு வண்டி வரப்பில் வந்து நின்றால் போதும். நிலக்கரியில் துளித்துளியாக இருந்த ஆர்செனிக்கும் ஈயமும் பாதரசமும், நிலக்கரி எரிந்து சாம்பலானதும் அந்தச் சாம்பலில் செறிந்து நிற்கும். செங்கலுக்கும் சிமென்டுக்கும் அந்தச் சாம்பல் போகட்டும். வாழைக்கு அடியில் எதற்கு? நகராட்சிக் குப்பை உரம் என்று மூட்டை கட்டி வந்தாலும் அப்படியே பிரித்துக் கொட்டாதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை உரத்துக்கு எல்லை வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15. இதற்கு மேல் போகக்கூடாது. “ரிப்போர்ட் எங்க?” என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. காட்ட மறுத்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

“பயிர் செழிப்பா இருக்குல்லா, விஷம் இருந்தா கருகாதா?” இதுவும் அந்தத் தம்பி கேட்டதுதான். நியாயமான கேள்வி. இங்கேதான் மோசம் போகிறோம்.

உலோகங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடக்காது. தாமிரம், துத்தநாகம், நிக்கல் அளவுக்கு மீறினால் பெரும்பாலும் மனிதனுக்குக் கெடுதல் வருவதற்கு முன்னால் பயிரே காட்டிக்கொடுத்துவிடும். இலை மஞ்சளாகும், வேர் கட்டையாகும். ஈயமும் குரோமியமும் பெரும்பகுதி மண்ணையும் வேரையும் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மேலே காய்க்குள் ஏறுவது குறைவு. அவை நம் வாய்க்கு வருவது தூசியாக, கையில் ஒட்டிய மண்ணாக, சரியாகக் கழுவாத கீரையாக. காட்மியம்தான் பெரிய துரோகி. பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், மகசூல் குறையாது; ஆனால் தின்கிற மனிதனின் சிறுநீரகத்தைப் பாழாக்கும் அளவு இலைக்குள் ஏறியிருக்கும். கண்ணால் பார்த்து, நாக்கால் ருசித்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

பொதுவாகக் கீரையிலும் இலையிலும் அதிகம் ஏறும், கிழங்கில் அதற்கடுத்து, பழத்திலும் விதையிலும் குறைவு. இதைக் கேட்டதும், வாழைக்காரர்கள் தப்பித்தோம் என்பார்கள். பழத்தைப் பொறுத்தவரை ஆறுதல்தான். ஆனால் வாழையில் பழத்தை மட்டுமா விற்கிறோம்? தண்டு போகிறது, பூ போகிறது, இலை போகிறது. பெரிய ரோட்டை ஒட்டிய தோட்டத்து இலையை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி சொல்லும். அந்த இலையில்தான் சுடுசோறும் சாம்பாரும் விழுகிறது. தண்ணீர் தெளித்து ஒரு தடவு தடவிவிட்டு உட்காருகிறோம். இனி ஓடுகிற தண்ணீரில் இரண்டு பக்கமும் கழுவுங்கள். வெற்றிலையும் அப்படியே, அது சமைக்காமல் மெல்லுகிற இலை. ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டியது கொடிக்கால்காரர்களின் கையில் இருக்கிறது. வாடல் நோய்க்கு போர்டோ கலவை ஊற்றும்போது ஒவ்வொரு தடவையும் கொடிக்கு அடியில் தாமிரம் சேர்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். நோய்க்கு மருந்து தேவைதான்; ஆனால் மண்புழு இல்லாத கொடிக்கால் எத்தனை வருஷம் தாங்கும்?

தோப்புக்கு அடித்த மருந்து தோப்பையே கெடுத்த கதை அமெரிக்காவில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்களில் 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் புழுவுக்கு ஈய ஆர்செனேட் என்ற மருந்தை அடித்தார்கள். அடிப்பதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகியும், அந்தப் பழைய தோட்டங்களின் மேல்மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தபடியே இருக்கின்றன. தோட்டத்தை அழித்துக் கட்டிய பள்ளிக்கூடங்களின் மைதானத்து மண்ணைக்கூடச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

கடையாற்றுப் பகுதிக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறி, போர் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வருகிறது. கொற்கை, முக்காணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். உப்பில் இருக்கிற குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து, அதை மண்ணின் பிடியிலிருந்து விடுவித்து வேருக்கு ஊட்டிவிடும். அதாவது ஒரே அளவு காட்மியம் நல்ல தண்ணீர் பாய்கிற வயலில் சும்மா கிடக்கும், உப்புத் தண்ணீர் பாய்கிற வயலில் பயிருக்குள் ஏறும். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வராமல் போவது விளைச்சல் பிரச்சினை மட்டும் என்று இனி நினைக்க முடியாது.

பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். பாலாற்றைக் கெடுத்த வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது: தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிற்று. அதே பாலாற்றுக்காகவும் அதே விவசாயிகளின் இழப்பீட்டுக்காகவும் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது 2025 ஜனவரி 30-ல். நடுவில் 28 வருஷத்துக்கும் மேல். முதல் தீர்ப்பின்போது பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலை மாதிரி விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடியும். தொழிற்சாலையை மூடிவிட்டால் விஷமும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் அந்த மஞ்சளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஜப்பானின் தொயாமா. ஜின்ஸூ ஆற்றின் மேலே காமியோகா சுரங்கம். அதன் கழிவிலிருந்து காட்மியம் ஆற்றில் இறங்கி நெல்வயலுக்குப் பாய்ந்தது. அந்தச் சோற்றைத் தின்ற பெண்களின் எலும்பு, இருமினாலே முறிகிற அளவுக்கு நொறுங்கிப் போனது. வலி தாங்காமல் அவர்கள் கத்திய சத்தத்தையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள்: இத்தாய் இத்தாய். நம் மொழியில் ‘வலிக்குதே, வலிக்குதே’. 1968-ல் அரசாங்கம் அதை ஒத்துக்கொண்டது. கெட்ட மண்ணை ஆழத்தில் புதைத்து மேலே வேறு மண் பரப்பும் வேலை 1979-ல் தொடங்கியது, 2012-ல்தான் முடிந்தது. 860 ஹெக்டேருக்கு மேல். பணக்கார ஜப்பானுக்கே 33 வருஷம். ஆற்றுப் பாசனம், நெல்வயல், மேலே இருந்து இறங்கிய விஷம், கீழே சாப்பிட்ட ஜனம் என்று அந்த ஊரின் அமைப்பை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கொற்கை மண் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லி, வியாபாரி அதைப் பிடித்துக்கொண்டு தாருக்கு விலையைக் குறைத்தால், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இந்தப் பயத்தால்தான் பலர் சோதிக்கவே தயங்குகிறார்கள் என்பதும் தெரியும். “சோதிச்சு ஏதாவது வந்துட்டா ஊர் பேரே போயிரும்லா” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐயா, நாளைக்கு வெளியூர் ஆய்வகம் ஒன்று உங்கள் ஊர் வெற்றிலையில் எதையாவது கண்டு அறிவித்தால், அன்று கையில் காட்ட ஒரு தாளாவது இருக்க வேண்டாமா? இன்றைக்கு மண் நன்றாக இருக்கிறது என்ற ரிப்போர்ட், நாளைக்கு எவனாவது கெடுத்தால் அவனை நீதிமன்றத்தில் நிறுத்த நமக்கு இருக்கிற ஒரே பத்திரம். நிலப் பத்திரத்தோடு அதையும் வையுங்கள்.

தனி ஆளாகப் போக வேண்டாம். செலவும் அதிகம், பேரும் அடிபடும். ஒரு மடைக்குக் கீழே இருக்கிற பத்துப் பேர் சேர்ந்து, ஆயக்கட்டுக்கு ஒரு மாதிரி என்று எடுங்கள். குளத்து வண்டலுக்குத் தனி, போர் தண்ணீருக்குத் தனி. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், வாழையென்றால் ஒரு சாண் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவத்தில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்பு, எருக்குழி, மரநிழல் வேண்டாம். துத்தநாகம் பூசிய வாளி, பெயின்ட் அடித்த மண்வெட்டி, துருப்பிடித்த சட்டி எதுவும் மண்ணைத் தொடக்கூடாது. உலோகத்தை அளக்கப் போகிறோம், நம் பாத்திரத்து உலோகம் கலந்துவிடும். பிளாஸ்டிக் வாளி, மரக்கரண்டி போதும். நிழலில் உலர்த்தி, நாலாகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஆய்வகத்தில் சும்மா ‘மண் பரிசோதனை’ என்று சொன்னால் பழைய 12 வரிதான் திரும்ப வரும். ஈயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம், பாதரசம், நிக்கல் இந்த ஆறுக்கும் ‘மொத்த அளவு’ வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்திலேயே கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மண்ணியல் துறையில் போய்க் கேளுங்கள், எங்கே எப்படிச் செய்வது என்று வழி காட்டுவார்கள். குடிக்கிற தண்ணீரைச் சோதித்தால் லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01, காட்மியம் 0.003 என்பது இந்தியத் தர நிர்ணய எல்லை. அதற்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அது நேரே மூளையில் கை வைக்கும்.

மண்ணில் அளவு கூடித் தெரிந்தால், அந்த இடத்தில் கீரை மட்டும் போடவே போடாதீர்கள். தொழுவுரமும் பசுந்தாளும் தாராளமாக அடியுங்கள், உலோகத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். உப்புத் தண்ணீரைத் தவிருங்கள். நெல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது: தண்ணீர் கட்டியே நிறுத்தினால் ஆர்செனிக் ஏறும், காயவிட்டால் காட்மியம் ஏறும். எது இருக்கிறது என்று தெரியாமல் யார் சொல்லும் வைத்தியமும் உதவாது.

2025 ஜூலையில் மாசுபட்ட நிலங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகப்படும் இடங்களைப் பற்றி மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதல் ஆய்வை முடிக்க வேண்டும். எங்கோ ஒரு அலுவலக மேசையில் தூங்கப் போகிற விதி இது, நாம் எழுப்பாவிட்டால். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை நாட்கள் வருகின்றன. உங்கள் ஊர்க் குளத்துக்குள் எங்கே சாக்கடை விழுகிறது, எங்கே ராத்திரியில் லோடு கொட்டுகிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இடத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டுத் தீர்மானமாக எழுதுங்கள். குளத்தைத் தூர்வாரும் முன் வண்டலைச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள்.

அந்தத் தம்பி கரம்பையைப் பரப்பவில்லை. அன்றைக்கே குவியலின் மேல் தார்ப்பாய் போட்டு, மழைத்தண்ணீர் வாய்க்காலுக்கு வடியாமல் சுற்றி வரப்புக் கட்டினோம். பேட்டரியைக் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு எடுத்து மூடிபோட்ட பழைய பெயின்ட் டப்பாவில் வைத்தான். அவன் மகன், ஆறு வயசு, தொட வந்தபோது அதட்டி வீட்டுக்கு விரட்டினான். பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் செலவில் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்ணும் வண்டலும் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. கார் நடவுக்கு ஸ்ரீவைகுண்டம் வடகாலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் முடிவு வந்தாக வேண்டும். தினமும் காலையில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.